ஆமையைத் தேடி 4,000 கிலோமீட்டர்!



நான் பல வருடங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, ஓய்வு பெற்ற டீச்சர். எனக்கு ஊர் எர்ணாவூர். வடசென்னையில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள், மறுபக்கம் கடல். நடுவில், கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை. இதுதான் எங்கள் ஊர்!

ஓய்வு பெற்ற பிறகும் சாயங்கால நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் போட வருவார்கள். 2025-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த சமயம். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை.

"டீச்சர், கல்லாண்ட ஒரு பெரிய ஆமை செத்துக் கெடக்குது. வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். கடலை ஒட்டிக் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு இடையே, வயிறு ஊதி, கண்கள் பிதுங்கி, ஒரு கடல் ஆமை கிடந்தது. அந்த மாதம் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இப்படி இறந்து ஒதுங்கியதை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "டீச்சர், முன்னாடி இங்க ஆமை முட்டை போடுமா?"

"போடுமே! நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே கல் கிடையாது, மணல்தான். காலையில் போனால் ஆமை ஊர்ந்து போன தடம் இருக்கும்" என்றேன்.

"எத்தினி ஆமை வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை! அத்தனை வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள், ஒரு எண்ணிக்கை கேட்டதற்கு வாயடைத்து நின்றேன். பார்த்தேன், ஆனால் எண்ணவில்லை. யாரும் எழுதி வைத்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். 'எங்கே? எத்தனை?' என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடியே வாழ்நாளைச் செலவிட்டவர். நம் சென்னையில் படிக்க வந்து, கடலின் மேல் ஆசைப்பட்டு, இந்தியாவின் கரைகளில் சுமார் 4,000 கிலோமீட்டர் நடந்தவர். பெயர், சதீஷ் பாஸ்கர். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், ஆமைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமா?

ஐந்து ஆமைகள்

இந்தியக் கடல்களில் ஐந்து வகை ஆமைகள் இருக்கின்றன. நம் மீனவர்கள் ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். பங்குனி மாதத்தையொட்டிக் கரைக்கு வந்து முட்டையிடுவது பங்குனி ஆமை. சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். உருவத்தில் பெரியது, கடல் புல்லைத் தின்பது பேராமை. கிளி மூக்குப் போல வளைந்த வாய் உள்ளது அழுங்காமை. பெரிய தலையோடு இருப்பது பெருந்தலை ஆமை. முதுகில் ஏழு வரிகள் ஓடுவது ஏழுவரி ஆமை. உலகிலேயே மிகப் பெரிய கடல் ஆமை இந்த ஏழுவரி ஆமைதான். 500 கிலோவுக்கு மேல்கூட எடை இருக்கும்! அதன் முக்கியமான உணவு என்ன தெரியுமா? கொழகொழவென்று மிதக்கும் சொறி மீன்!

ஆமை கடலில் வாழ்ந்தாலும் நம்மைப் போல் காற்றைத்தான் சுவாசிக்கிறது. நீருக்கு மேலே தலையை நீட்டி மூச்செடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போகும். இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது. மூச்சுத் திணறி இறந்துவிடும். எங்கள் கல்லோரம் கிடந்தது போன்ற ஆமைகள் பெரும்பாலும் இப்படித்தான் இறக்கின்றன.

ஆண் ஆமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கடலிலேயே இருந்துவிடும். பெண் ஆமை மட்டும் முட்டையிடக் கரைக்கு வரும். அதுவும் ராத்திரியில்! மணலில் மெல்ல ஏறி வந்து, பின்கால்களால் குடம் போலக் குழி தோண்டும். பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைகள் அளவில் இடும். பிறகு குழியை மூடி, மேலே உடம்பால் தட்டிக் கெட்டியாக்கி, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். எல்லாம் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அப்போது அதன் கண்ணில் நீர் வழியும். 'பெற்ற பிள்ளைகளைப் பிரியும் துக்கம்' என்று என் பாட்டி சொல்வார். உண்மையில், உடம்பில் சேரும் அதிகப்படி உப்பை அது கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. அவ்வளவுதான்!

முட்டைகளை அடைகாப்பது யார்? சூரியனும் மணலும்தான்! 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். இதில் ஒரு வேடிக்கை. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகமாகவும், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகமாகவும் பிறக்கும். ஆக, ஆமைக்கு மணல் என்பது வெறும் தரை அல்ல, அதுதான் தாய்மடி. மணல் இல்லையென்றால் ஆமை இல்லை!

என்ஜினீயரிங் மாணவர் எங்கே போனார்?

சதீஷ் பாஸ்கர் 1946-ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் என்ஜினீயரிங் படிக்க வந்தார். ஆனால் அவர் மனமெல்லாம் கடலில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில், கிண்டியில் பாம்புப் பண்ணையை நடத்திவந்தார் ராமுலஸ் விட்டேக்கர். அவரும் நண்பர்களும் 1970-களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ஒரு புது வேலையைத் தொடங்கினார்கள். ராத்திரி முழுவதும் கரையோரமாக நடந்து போவார்கள். ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடிப்பார்கள். நாயும் நரியும் மனிதர்களும் தோண்டி எடுத்துவிடாமல், முட்டைகளைப் பத்திரமான இடத்தில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பார்கள். பிறகு குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். 'ஆமை நடை' என்ற பழக்கம் நம் ஊரில் இப்படித்தான் தொடங்கியது.

சதீஷும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். ஐ.ஐ.டி. படிப்பை முடிக்கவில்லை. (படிப்பை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை செல்லங்களே! டீச்சராயிற்றே, அப்படிச் சொல்வேனா? முழுக் கதையையும் கேளுங்கள்.)

அந்த நாட்களில் இந்தியாவில் எந்தக் கரையில் எந்த ஆமை வருகிறது, எத்தனை வருகிறது என்று முழுமையாக யாருக்கும் தெரியாது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-இல் கடல் ஆமைகளும் அதன் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது என்பது சட்டம். சரி, ஆனால் பாதுகாக்க வேண்டிய கரை எது என்று தெரிந்தால்தானே காவல் போட முடியும்? யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

சதீஷ் போனார்!

மணலைப் படித்தவர்

1970-களின் பிற்பகுதியிலிருந்து லட்சத்தீவு, குஜராத், அந்தமான் நிகோபார் என்று கரை கரையாக அலைந்தார். வாகனம் போக முடியாத இடங்கள். கால்தான் வண்டி!

கரையில் நடந்து என்ன கண்டுபிடிக்க முடியும் என்று கேட்கிறீர்களா? நீங்கள் புத்தகம் படிப்பதுபோல் அவர் மணலைப் படித்தார். பங்குனி ஆமை நடக்கும்போது வலது கையும் இடது காலும், பிறகு இடது கையும் வலது காலும் என்று மாற்றி மாற்றி வைக்கும். அதனால் தடத்தின் இரு பக்கமும் முன்னே பின்னே இருக்கும். பேராமை இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் ஊன்றித் தாவும். அதனால் இரு பக்கமும் நேருக்கு நேராக இருக்கும். ஏழுவரி ஆமையின் தடம் இரண்டு மீட்டர் அகலம்கூட இருக்கும். டிராக்டர் போனதோ என்று நினைக்கத் தோன்றும்! ஆமையைப் பார்க்காமலேயே, அது எந்த வகை, முட்டையிட்டதா, குழியை யாராவது தோண்டினார்களா என்றெல்லாம் தடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சொன்னால் மட்டும் போதாது. அதைத் தேதியோடு, இடத்தோடு, எண்ணிக்கையோடு எழுதி வைக்க வேண்டும். சதீஷின் பெரிய ஆயுதம் அந்த நோட்டுப் புத்தகம்தான்.

தனித் தீவில் ஒரு மழைக்காலம்

இப்போது சொல்லப்போவதுதான் கதையின் சுவையான பகுதி!

லட்சத்தீவுக் கூட்டத்தில் சுஹேலி என்று ஓர் இடம். மக்கள் நிரந்தரமாகக் குடியிருக்காத தீவு. தேங்காய் பறிக்கவும் மீன் பிடிக்கவும் மட்டும் ஆட்கள் வந்து போவார்கள். பேராமைகள் அங்கே முட்டையிட வருவது மழைக்காலத்தில் என்று சதீஷுக்குத் தெரிய வந்தது. ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும். எந்தப் படகும் அந்தத் தீவுக்குப் போகாது. அப்படியானால் ஆமைகளை எப்படி எண்ணுவது?

ஒரே வழிதான். மழை தொடங்கும் முன்பே தீவுக்குப் போய்விட வேண்டும். மழை முடிந்து படகு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தன்னந்தனியாக!

1982-ஆம் ஆண்டு சதீஷ் அதைத்தான் செய்தார். அப்போது அவருடைய மகள் சில மாதக் கைக்குழந்தை. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் தேவையான அரிசி, பருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தீவில் இறங்கினார். படகு திரும்பிப் போனது. அதன் பிறகு பேச ஆள் இல்லை. செல்போன் என்ற பெயரே யாரும் கேள்விப்படாத காலம். காய்ச்சல் வந்தால்கூட மருத்துவரிடம் போக முடியாது. ராத்திரியெல்லாம் காற்றிலும் மழையிலும் தீவைச் சுற்றி நடப்பார். வந்த ஆமைகளை எண்ணுவார். எழுதுவார்.

வீட்டு நினைவு வராமல் இருக்குமா? மனைவிக்குக் கடிதம் எழுதினார். ஆனால் தபால்பெட்டிக்கு எங்கே போவது? கடிதத்தை ஒரு பாட்டிலுக்குள் போட்டு, நன்றாக மூடி, ஜூலை மாதத் தொடக்கத்தில் கடலில் எறிந்தார்!

கதையில்தான் இப்படி நடக்கும் என்பீர்கள். இது நிஜமாகவே நடந்தது! 24 நாட்கள் கழித்து, சுமார் 800 கிலோமீட்டர் தாண்டி, இலங்கையில் ஒரு மீனவர் கையில் அந்தப் பாட்டில் கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டிலைத் திறந்து கடிதத்தை எடுத்தார். முகவரியைப் பார்த்தார். தன் செலவில், தானும் ஒரு கடிதம் எழுதி வைத்து, சதீஷின் மனைவிக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்! கணவர் தீவிலிருந்து திரும்பும் முன்பே அவர் எழுதிய கடிதம் மனைவி கைக்கு வந்து சேர்ந்தது!

பாட்டில் ஏன் இலங்கைக்குப் போனது? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இந்தியாவின் மேற்குக் கரையோரம் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். பிறகு இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கித் திரும்பும். அந்த நீரோட்டம்தான் தபால்காரர் வேலையைப் பார்த்தது. முன்பின் தெரியாதவரின் கடிதத்தை மதித்த மீனவரின் நல்ல மனசு மீதி வேலையைப் பார்த்தது.

எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, அவர்கள் கைதட்டியது இந்த இடத்தில்தான். "நம்மாளு, டீச்சர்!" என்றான் அந்தப் பையன்.

பெரிய நிகோபாரும் பப்புவாவும்

அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் சதீஷ் பல முறை போனார். நம் நாட்டின் தென்கோடியில் இருக்கும் தீவு பெரிய நிகோபார். அங்கே கலத்தியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நீண்ட மணற்கரை. ஏழுவரி ஆமைகள் அங்கே முட்டையிட வருவதைப் பார்த்து, எண்ணி, எழுதினார். இந்தியாவில் இந்த ஆமைக்கு மிக முக்கியமான கரைகளில் அதுவும் ஒன்று என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

1980-களின் நடுவில் இந்தோனேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. நியூ கினி என்ற பெரிய தீவின் மேற்குப் பகுதியில், பப்புவா கரையில், ஏழுவரி ஆமைகள் கூட்டமாக முட்டையிடுகின்றன. வந்து ஆராய முடியுமா என்று கேட்டார்கள். போனார். அங்கே சுமார் 700 ஆமைகளுக்கு அடையாள வில்லை மாட்டினார்!

அடையாள வில்லை என்பது எண் பொறித்த ஒரு சின்ன உலோகத் துண்டு. ஆமையின் துடுப்பு போன்ற கையில் மாட்டிவிடுவார்கள். பிறகு உலகில் எந்த மூலையில் அந்த ஆமை தென்பட்டாலும், எண்ணைப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் உங்கள் சட்டையில் மாட்டும் அடையாள அட்டை போலத்தான்!

பின்னாளில் விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் கருவிகளை ஆமைகளின் முதுகில் பொருத்திப் பார்த்தார்கள். பப்புவா கரையில் முட்டையிட்ட ஏழுவரி ஆமை, பசிபிக் பெருங்கடலையே கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரைவரை நீந்திப் போவது தெரிந்தது. நம் அந்தமான் தீவுகளிலிருந்து கிளம்பியவற்றில் சில ஆஸ்திரேலியா பக்கமும், சில ஆப்பிரிக்கா பக்கமும் போயின. பாஸ்போர்ட் இல்லாத பயணிகள்!

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியை உங்கள் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். பெரிய நிகோபாரில் நிலமே கீழே இறங்கி, ஆமைகள் வந்துபோன மணற்கரைகளைக் கடல் கொண்டுபோனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புது மணல் சேர்ந்தது. ஆமைகளும் திரும்பி வந்தன. எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? முன்பு எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்த ஒருவர் இருந்ததால்தான்!

எங்கள் ஊர் மணல் எங்கே போனது?

இப்போது எர்ணாவூருக்குத் திரும்புவோம். என் சின்ன வயதில் இருந்த மணல் என்ன ஆனது?

மழை நாளில் தெருவோரம் ஓடும் தண்ணீரில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். தண்ணீர் வரும் பக்கத்தில் மண் சேரும். குச்சிக்கு அந்தப் பக்கம் மண் அரித்துக்கொண்டு போகும். இதுதான் எங்கள் கதை.

நம் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1875-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கி நின்றது. அதனால் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரிக்க ஆரம்பித்தது. வருடங்கள் போகப்போக, அரிப்பு திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று நகர்ந்து வந்தது. தெருக்களும் வீடுகளும் கடலில் போயின. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கருங்கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் கட்டினார்கள்.

கல்லைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளின் வீடுகள் இல்லை. துறைமுகத்தையும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் கல்லின் மேல் ஆமை ஏற முடியாது என்பதும் உண்மைதானே? 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால், ஆமையின் வீட்டுக்குள் புகுந்தது நாம்தான்!

கலத்தியா கரையில் ஒரு பெரிய துறைமுகம் கட்டத் திட்டம் இருக்கிறது. அதற்காக, அங்கே இருந்த ஆமை சரணாலயத்தின் அறிவிப்பை 2021-இல் விலக்கிக்கொண்டார்கள். கட்டலாமா, கூடாதா என்று பெரியவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். எங்கள் ஊர் மணல் போனபோது, 'இங்கே இத்தனை ஆமைகள் வந்தன' என்று எடுத்துக் காட்ட யாரிடமும் ஒரு தாள் இல்லை. கலத்தியாவுக்கு அந்தத் தாள் இருக்கிறது. அதில் முதல் வரிகளை எழுதியவர்களில் ஒருவர் சதீஷ்.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கறுப்பு எண்ணெய் எங்கள் கரையில் வந்து அப்பியதே, நினைவிருக்கிறதா? எத்தனையோ பேர் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். அப்போதும் 'முன்பு இந்தக் கல்லிடுக்கில் எத்தனை நண்டு, எத்தனை நத்தை இருந்தது?' என்று கேட்டிருந்தால், எங்கள் தெருவில் பதில் சொல்ல ஆள் இல்லை.

நடந்தவர் ஓய்ந்தார்

இருபது வருடங்களுக்கு மேல் அலைந்த சதீஷ், 1990-களின் பிற்பகுதியில் வேலையிலிருந்து ஒதுங்கிக் கோவாவில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருக்குப் பெரிய பட்டம் கிடையாது. பெரிய பதவியும் கிடையாது. 2010-ஆம் ஆண்டு, உலகெங்கும் உள்ள கடல் ஆமை ஆராய்ச்சியாளர்கள் கோவாவில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் அவருக்கு விருது கொடுத்துப் பாராட்டினார்கள். 2023 மார்ச் மாதம் அவர் காலமானார். அவர் வாழ்க்கையைப் பற்றிய ஓர் ஆவணப்படம் 2024-இல் வெளியானது.

அவர் தொடங்கிய காலத்தில் இங்கே ஆமையைப் பற்றிப் படிக்கவும், சேர்ந்து ஆராயவும் வழி குறைவு. உங்களுக்கு அப்படி இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஆகவே நன்றாகப் படியுங்கள். அதோடு நடக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்!

சென்னையில் அன்று தொடங்கிய ஆமை நடை நிற்கவில்லை. 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரைகளில் ராத்திரி நடக்கிறார்கள். முட்டைகளைக் காக்கிறார்கள்; கணக்கும் எழுதுகிறார்கள். வனத்துறையும் முட்டைப் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

நீங்களும் எழுதலாம்!

கடற்கரையில் இருந்தால்தான் முடியும் என்று நினைக்காதீர்கள். ஏரி, குளம், வயல், உங்கள் தெரு வேப்பமரம், எதுவாகவும் இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, நான்கு கட்டம் போடுங்கள். தேதி, இடம், என்ன பார்த்தேன், எத்தனை. அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள், அதே இடத்துக்குப் போய், அதே நேரத்தில் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் 'ஒன்றும் இல்லை' என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு பதில்தான்! பார்க்காததைப் பார்த்ததாக மட்டும் எழுதக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள்: பெரியவர்கள் துணை இல்லாமல் கல்லோரமோ தண்ணீர் ஓரமோ போகக் கூடாது. இறந்து ஒதுங்கிய ஆமையைத் தொடக் கூடாது. பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா?

கதை கேட்டு முடித்த மறுநாள், கடையில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "கட்டம் போட்டுக் குடுங்க டீச்சர்" என்றான். ஸ்கேல் வைத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் அப்பா மீன்பிடித்துத் திரும்பும் காலை வேளையில், அவரோடு சேர்ந்து ஒரு தூண்டில் வளைவிலிருந்து அடுத்த தூண்டில் வளைவுவரை நடக்கிறான். சில நாள் ஆமை. சில நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள் 'கடல் பாம்பு 1, உயிரோடு, அப்பா தண்ணீரில் விட்டார்' என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன். எண்ணிக்கையில் கை வைக்கவில்லை.

முதல் பக்கத்தின் முதல் வரி எது தெரியுமா? நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததுதான்.

'எர்ணாவூர். கல்லாண்ட. பங்குனி ஆமை. 1.'

இனி யாராவது என்னிடம் வந்து, "எங்கள் கரையில் எத்தனை?" என்று கேட்டால் நான் விழிக்க மாட்டேன். "அந்தத் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், அவனிடம் நோட்டு இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

உங்கள் தெருவில் யாரிடம் நோட்டு இருக்கிறது, செல்லங்களே?